தொல்காலநிலை ஆய்வுக்கு நிதி பெறுவது: கேள்வியில் தொடங்கிச் சமர்ப்பிப்பு வரை முழுமையான வழிகாட்டி

தொல்காலநிலை ஆய்வுக்கான, அதாவது பழங்காலக் காலநிலையைப் படிவு, குகை போன்ற இயற்கைப் பதிவுகளிலிருந்து அறியும் ஆய்வுக்கான, நிதி விண்ணப்பங்கள் பலவும் வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்வதால்தான் தோற்கின்றன. முதல்முறை விண்ணப்பிக்கிறவர் வழக்கமாக நிதி அறிவிப்பிலிருந்து தொடங்குகிறார். தனக்குத் தெரிந்த ஓர் ஏரியையோ குகையையோ எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார். கடைசி வாரத்தில் பட்ஜெட் போடும்போதுதான், கேட்கக்கூடிய தொகைக்குள் எடுக்க முடிகிற ரேடியோகார்பன் தேதிகளை (கதிரியக்கக் கார்பனை அளந்து கண்ட வயதுகளை) வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது என்று தெரியவருகிறது. அந்த நேரத்தில் கேள்வியை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. மதிப்பீட்டுக் குழுவோ அந்த ஓட்டையை முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடும்.

இங்கே சொல்லும் வரிசை வேறு: கேள்வி, அதற்கேற்ற இயற்கைப் பதிவு, அந்தப் பதிவின் வயதை அறியும் காலக்கணிப்பு, முன்னோட்டத் தரவு, நிதியாளர், பட்ஜெட், எல்லாம் முடிந்தபின் எழுத்து. முனைவர் பட்டம் முடித்துத் தன் பெயரில் முதலில் விண்ணப்பிக்கிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். விளக்கத்துக்காக ஓர் ஏரிப் படிவுக் கோரை (ஏரியடியில் குழாய் இறக்கி எடுக்கும் நீளமான சேற்றுத் தண்டை) கற்பனையாக எடுத்துக்கொண்டு கடைசிவரை கூடவே கொண்டுபோகிறேன். குகை, பவளம், மர வளையம் என்று எதில் வேலை செய்தாலும் கணக்கின் முறை ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பாவது தொடங்குங்கள். எழுதுவதற்கு அவ்வளவு காலம் ஆகாது. பிறரிடமிருந்து வர வேண்டிய தாள்கள்தான் காலத்தைத் தின்னும்.

முதலில் உங்கள் தகுதியைச் சரிபாருங்கள். சில திட்டங்கள் நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு மட்டும். சில, முனைவர் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் இருப்பவருக்கு மட்டும். மகப்பேறு, நோய் போன்றவற்றுக்கு இந்த வரம்பில் தளர்வு தரும் நிதியாளர்கள் உண்டு. அதை விதிப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். இந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் மாதக்கணக்கில் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நீங்கள் நம்பியிருக்கும் காலக்கணிப்பு ஆய்வகத்திலிருந்து ஒரு மாதிரிக்கான கட்டணத்தையும் காத்திருப்புக் காலத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். "செய்து தருகிறோம்" என்ற வாய்வார்த்தை மதிப்பீட்டாளரிடம் செல்லாது. கள அனுமதி எந்த அலுவலகத்தில், எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நிர்வாகப் பிரிவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அவர்களுடைய உள் கடைசித் தேதி, நிதியாளரின் தேதிக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ முந்தியதாக இருக்கும். உங்களுக்கு உண்மையான கடைசித் தேதி அதுதான்.

முடிந்தால், அதே திட்டத்தில் நிதி பெற்ற ஒரு விண்ணப்பத்தை முழுதாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலானோர் கேட்டால் தருகிறார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை பக்கம் செலவிட்டிருக்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

2. தோற்கக்கூடிய கேள்வியை எழுதுங்கள்

"இந்த ஏரியின் கடந்த 10,000 ஆண்டு மழை வரலாற்றை மீட்டுருவாக்குதல்" என்பது தலைப்பு மட்டுமே. அதில் கேள்வி இல்லை. எந்த முடிவு வந்தாலும் அதற்குப் பொருந்திவிடும் என்பதால், குழுவால் அதை எடைபோட முடியாது.

நல்ல கேள்வியில் குறைந்தது இரண்டு போட்டி விளக்கங்கள் இருக்கும். இரண்டும் ஒரே கோரில் வெவ்வேறு தடத்தை விட்டுச் செல்ல வேண்டும். நம் உதாரணத்துக்கு 8,200 ஆண்டுகளுக்கு முந்தைய குளிர் நிகழ்வை எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்கப் பனிப்படலத்தை ஒட்டியிருந்த அகாசிஸ் ஏரியின் உருகுநீர் வடக்கு அட்லாண்டிக்கில் பாய்ந்ததோடு இதைப் பொதுவாகத் தொடர்புபடுத்துகிறார்கள். கிரீன்லாந்து ஐஸ் கோர்களில் இது சுமார் 160 ஆண்டு நீடித்ததாகத் தெரிகிறது. ஆனால் பல பதிவுகளில் 8,600 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கும் மெதுவான மாற்றமும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் கற்பனை ஏரியும் வறண்டது என்று வைத்துக்கொண்டால், கேள்வி இப்படி வரும்: நம் ஏரி வறண்டது சில பத்தாண்டுக்குள் நிகழ்ந்த திடீர் வீழ்ச்சியாலா, அதற்குச் சில நூற்றாண்டு முன்பே தொடங்கிய சரிவாலா? முதல் விளக்கம் சரியென்றால் கோரில் கூர்மையான படிக்கட்டு தெரியும். இரண்டாவது சரியென்றால் சாய்வு தெரியும். இரண்டும் சரியாக இருக்க வழியும் உண்டு, சாய்வின் மேல் ஒரு படிக்கட்டு. அதையும் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு வசதி இருக்கிறது. வடிவத்தையும் வரிசையையும் ஒரே கோருக்குள் பார்த்துவிடலாம். இரண்டு வெவ்வேறு இடத்துக் கோர்களை ஒப்பிட்டு "இது அதற்கு 30 ஆண்டு முந்தியது" என்று சொல்ல வேண்டுமென்றால் தேதிப் பிழை குறுக்கே நிற்கும். ஒரே கோரில் மழையின் தடமான இலை மெழுகின் ஹைட்ரஜன் ஐசோடோப் முதலில் மாறியதா, தாவரங்களின் தடமான மகரந்தம் முதலில் மாறியதா என்று கேட்டால், ஆழமே வரிசையைச் சொல்லிவிடும். காலக்கணிப்பின் சுமையைக் குறைக்கும் விதமாகக் கேள்வியை அமைப்பது இந்தத் துறையில் கற்க வேண்டிய முதல் திறமை.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு: "இந்த இடத்தில் இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை" என்பதையே காரணமாக வைப்பது. உலகில் யாரும் தொடாத ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த ஏரி இல்லாவிட்டால் எந்த விவாதம் முடிவுக்கு வராமல் நிற்கும் என்று சொல்லுங்கள்.

3. பதிவு அந்தக் கேள்விக்குத் தாங்குமா?

இது அரை மணி நேரக் கணக்கு. ஆனால் இதைப் போடாமல் வரும் விண்ணப்பங்களே அதிகம்.

நம் ஏரியில் 6 மீட்டர் கோர் கிடைக்கும், அது 10,000 ஆண்டைக் கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 1 செ.மீ. என்பது சுமார் 17 ஆண்டு. அப்படியானால் 160 ஆண்டு நிகழ்வு கோரில் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 1 செ.மீ.க்கு ஒரு மாதிரி எடுத்தால் நிகழ்வுக்குள் சுமார் 10 புள்ளிகள் கிடைக்கும். அரை செ.மீ.க்கு எடுத்தால் 20. படிக்கட்டையும் சாய்வையும் பிரித்தறிய இது போதும்.

இதே கேள்வியை ஆயிரம் ஆண்டுக்கு 2 செ.மீ. மட்டுமே படியும் ஆழ்கடல் கோரில் கேட்டுப் பாருங்கள். கடலடி உயிரினங்கள் மேல் 10 செ.மீ. அளவுக்குச் சேற்றைக் கிளறிக் கலந்துவிடுகின்றன. அங்கே 10 செ.மீ. என்பது 5,000 ஆண்டு. 160 ஆண்டு நிகழ்வு அந்தக் கலவையில் கரைந்துவிடும். எத்தனை மெல்லியதாக வெட்டினாலும் திரும்ப வராது. மாதிரி எடுக்கும் இடைவெளி வேறு, பதிவு உண்மையில் பிரித்துக் காட்டக்கூடிய கால அளவு (பகுதிறன்) வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட விண்ணப்பத்தைக் குழு மன்னிப்பதில்லை.

அடுத்து பிராக்ஸி. நீங்கள் அளக்கப்போவது மழையோ வெப்பமோ அல்ல, அவற்றுக்கு எதிர்வினையாற்றிய ஏதோ ஒன்று. குகைத் தரையில் சொட்டுநீரால் வளரும் ஸ்டாலக்மைட்டின் ஆக்சிஜன் ஐசோடோப் விகிதத்தை நேரடியாக "மழையளவு" என்று எழுதினால், ஈரப்பதம் எங்கிருந்து வந்தது, குகைக்கு மேலுள்ள மண்ணில் எவ்வளவு ஆவியானது என்ற கேள்விகள் உடனே வரும். சொட்டுநீரைக் கண்காணித்த தரவு இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் அதைத் திட்டத்திலேயே சேருங்கள். ஏரிக்கும் அப்படித்தான்: இன்றைய நீர், இன்றைய மேற்படிவு, இன்றைய தாவரங்கள் மூன்றையும் அளக்கும் சிறு பகுதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பிராக்ஸி வைப்பது நல்லதே. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். ஆய்வகத்தில் கருவி இருக்கிறது என்பதற்காகச் சேர்த்த ஐந்தாவது பிராக்ஸி, பட்ஜெட்டை வீங்கவைத்துக் கவனத்தைச் சிதறடிக்கும்.

4. காலக்கணிப்புத் திட்டம்

இந்தப் பகுதிக்கு அதிக உழைப்பைக் கொடுங்கள். தொல்காலநிலை விண்ணப்பத்தின் முதுகெலும்பு இதுதான். குழுவில் உங்கள் பிராக்ஸியைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்கலாம். தேதிகளைப் பற்றிக் கேட்கத் தெரியாதவர் இருக்க மாட்டார்.

முதலில் கால எல்லை. ரேடியோகார்பன் சுமார் 50,000 ஆண்டு வரை பயன்படும். யுரேனியம்-தோரியம் முறை குகைப் படிவுகளிலும் பவளத்திலும் அதைவிடப் பல மடங்கு பின்னோக்கிப் போகும். கடந்த ஒரு நூற்றாண்டுக்கு ஈயம்-210. அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுதான், ஆகவே 150 ஆண்டைத் தாண்டினால் கைகொடுக்காது. வட அரைக்கோளத்தில் 1963 வாக்கில் அணுச் சோதனைகளால் வந்த சீசியம்-137 உச்சம் அதற்கு நல்ல சரிபார்ப்பு. கோரின் மேற்பகுதிக்கு ஈயம்-210, கீழ்ப்பகுதிக்கு ரேடியோகார்பன் என்று இரண்டையும் இணைக்கும் திட்டம் பொதுவாகக் குழுவுக்குத் திருப்தி தரும்.

அப்புறம், எதைத் தேதியிடப் போகிறீர்கள்? சுண்ணாம்புப் பாறைப் பகுதி ஏரியில் மொத்தச் சேற்றைத் தேதியிட்டால், பாறையிலிருந்து கரைந்து வந்த பழைய கார்பன் கலந்து தேதி உண்மையைவிடப் பழையதாக வரும். நீர்த்தாவரங்களிலும் இதே சிக்கல். நிலத் தாவரத்தின் இலை, விதை, சுள்ளி கிடைத்தால் அவையே பாதுகாப்பானவை. கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்: பிரித்தெடுத்த மகரந்தத்தைத் தேதியிடுதல், எரிமலைச் சாம்பல் அடுக்கைத் தேடுதல், இன்றைய ஏரிநீரின் கார்பன் வயதை அளந்து பழைய கார்பனின் அளவைக் கணித்தல். குகைக்காரர்களுக்கு இதே இடத்தில் களிமண்ணோடு வரும் தோரியம்தான் தொல்லை. படிவு அழுக்காக இருந்தால் பிழை பெரிதாகிவிடும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்று பொடி மாதிரிகளையாவது சோதித்துவிடுங்கள்.

மூன்றாவது, எத்தனை தேதிகள்? 2018ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பெரும்பாலான ஆய்வுகளில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தேதிகூட இல்லை என்று காட்டியது. பேயசிய ஆழம்-வயது மாடல்களோடு (தேதிகளுக்கு இடைப்பட்ட ஆழங்களின் வயதையும் பிழையையும் நிகழ்தகவால் கணிப்பவை) ஆயிரம் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு தேதிகள் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நம் 10,000 ஆண்டு ஏரிக்கு இந்தக் கணக்கில் 20 தேதிகள். 8,600 முதல் 7,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையான சாளரத்தில் கேள்வி குவிந்திருப்பதால் அங்கே கூடுதலாக 6. பொருள் போதாமலோ முரண்பட்டோ தேதிகள் வீணாகலாம், அதற்கு 4. ஆக 30. இப்படிக் கணக்கோடு வந்த 30ஐ யாரும் வெட்டுவதில்லை. காரணம் சொல்லாமல் கேட்ட 12ஐ வெட்டிவிடுவார்கள்.

எல்லாத் தேதிகளையும் ஒரே தவணையில் அனுப்பும் திட்டம் போடாதீர்கள். முதலில் கோரின் மேலிருந்து கீழ்வரை பரவலாக 6. அவை வந்ததும் நிகழ்வு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். மீதியை அங்கே குவிக்கலாம். இரண்டு தவணைக்கும் இடையில் ஆய்வகத்தின் காத்திருப்புக் காலம் இருக்கிறது. அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள்.

பேக்கன், ஆக்ஸ்கால் போன்ற இலவச மென்பொருள்களில் கற்பனைத் தேதிகளைக் கொடுத்து மாடலை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். 12 தேதிகளுக்கு அந்தச் சாளரத்தில் பிழை எவ்வளவு, 30க்கு எவ்வளவு என்று ஒரே படத்தில் காட்டலாம். ஒரு நாள் வேலைதான், ஆனால் காலக்கணிப்புக்குக் கேட்கும் பணத்துக்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது.

கடைசியாக, உங்கள் காலப்பகுதி, ரேடியோகார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைகோட்டில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அதற்குள் நடந்த ஒன்றைச் சில தனித் தேதிகளால் நிர்ணயிக்க முடியாது; எத்தனை துல்லியமாக அளந்தாலும் விடை நூற்றாண்டுக் கணக்கில் பரந்துதான் வரும். கேள்வி அங்கே விழுந்தால், மர வளையம் போல ஆண்டு இடைவெளி தெரிந்த வரிசையைத் தேடுங்கள், அல்லது கேள்வியை நகர்த்துங்கள்.

5. முன்னோட்டத் தரவு: பணம் இல்லாமல் எங்கிருந்து?

பணம் வேண்டுமென்றால் முன்னோட்டத் தரவு வேண்டும், அந்தத் தரவுக்கே பணம் வேண்டும். இளம் ஆய்வாளர் பலர் இந்த இடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். ஆனால் வழிகள் இருக்கின்றன.

புதிய கோர் எடுக்காமலேயே தொடங்கலாம். கடலடித் துளையிடல் திட்டங்களில் எடுத்த கோர்கள் ஜெர்மனியின் பிரேமன், ஜப்பானின் கொச்சி, அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் சேமிக்கப்பட்டுள்ளன. பயணக் குழுவுக்கான தனியுரிமைக் காலம் முடிந்தபின் எந்த ஆய்வாளரும் மாதிரிக்கு விண்ணப்பிக்கலாம். ஏரிக் கோர்களுக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பெரிய சேமிப்பகம் உண்டு. பழைய ஆய்வுகளில் எஞ்சிய கோர்கள் பல்கலைக்கழகக் குளிர் அறைகளில் கேட்பாரின்றிக் கிடப்பதும் சகஜம். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் கதவு திறக்கும்.

வெளியான தரவும் முன்னோட்டம்தான். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் தொல்காலநிலைக் களஞ்சியம், புவி அறிவியல் தரவுக்கு பாங்கேயா, மகரந்தத்துக்கு நியோடோமா, குகைப் படிவுகளுக்கு சிசல் என எல்லாம் திறந்தே கிடக்கின்றன. உங்கள் பகுதியில் ஏற்கெனவே உள்ள பதிவுகளை ஒரே படத்தில் அடுக்கி, 8,200 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் அவை ஒன்றோடொன்று முரண்படுவதைக் காட்டினால், அந்த முரண்பாடே உங்கள் விண்ணப்பத்துக்கான காரணமாகிவிடும்.

கோர் கையில் இருந்தால், எதையும் அழிக்காத அளவீடுகளை முதலில் செய்யுங்கள். எக்ஸ்-கதிர் ஒளிர்வு ஸ்கேனர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் தனிம அளவுகளைத் தரும், கோர் அப்படியே இருக்கும். அதோடு இரண்டு மூன்று ரேடியோகார்பன் தேதிகள் சேர்ந்தால் போதும். முழு முடிவையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கோர் தலைகீழாகக் கலங்காமல் இருக்கிறது, நீங்கள் சொல்லும் காலம் அதில் இருக்கிறது, பிராக்ஸியை அளக்க முடிகிறது: இந்த மூன்றையும் நிரூபித்தால் சரி.

6. நிதியாளரை இப்போது தேர்ந்தெடுங்கள்

கேள்வியின் அளவு தெரிந்தபின் நிதியாளரைத் தேடுவது எளிது. ஓர் ஏரி, ஒரு முனைவர் பட்ட மாணவர், மூன்று ஆண்டு என்றால் தேசிய அறிவியல் நிதி அமைப்புகளின் வழக்கமான திட்டங்கள். உங்கள் பதவியையும் ஊதியத்தையும் சேர்த்துக் கேட்பதென்றால் ஆய்வு நல்கைகள். ஐரோப்பிய ஆய்வுக் கழகத்தின் தொடக்கநிலை நல்கை, ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை தருவது, ஒரு கோரைவிடப் பெரிய யோசனையை எதிர்பார்க்கிறது. ஐஸ் கோர் துளையிடல் முதல் விண்ணப்பத்துக்கு ஏற்றதல்ல. அதன் போக்குவரத்துச் செலவு தனி மனிதர் தாங்கக்கூடியது அல்ல. இருக்கும் கூட்டமைப்பு ஒன்றில் ஒரு பகுதி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில அமைப்புகளிடம் எதைக் கேட்கலாம் என்பதில் குழப்பம் உண்டு. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரிலிருந்து இயங்கும், தொல்காலநிலை ஆய்வாளர்களின் வலையமைப்பான பேஜஸ், ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் தருவதில்லை. பட்டறைகளுக்கும் பணிக்குழுக்களுக்கும் உதவுகிறது. அங்கே ஒரு பணிக்குழுவில் சேர்ந்தால் கூட்டாளிகள் கிடைப்பார்கள், அது பணத்துக்குக் குறைந்ததல்ல. நிலத் துளையிடலுக்கான சர்வதேசத் திட்டமான ஐசிடிபி முதலில் பட்டறைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும். முழுத் திட்டத்திலும் துளையிடல் செலவின் ஒரு பகுதியை மட்டுமே தரும். மீதியை வேறு இடங்களில் திரட்ட வேண்டும், ஆய்வகச் செலவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு மூன்று நிதியாளர்களைத் தேர்ந்தபின் ஒரு பக்கச் சுருக்கத்தை அங்குள்ள திட்ட அலுவலருக்கு அனுப்பி, "இது உங்கள் எல்லைக்குள் வருமா?" என்று கேளுங்கள். புதியவர்கள் இதைத் தொந்தரவு என்று நினைத்துத் தயங்குகிறார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்களுடைய வேலை. பொருந்தாது என்று இரண்டு வரியில் பதில் வந்தால் உங்களுக்கு நான்கு மாதம் மிச்சம்.

7. பட்ஜெட்டை எழுத்துக்கு முன் போடுங்கள்

பட்ஜெட்டில் ஒவ்வோர் எண்ணும் மாதிரி எண்ணிக்கையிலிருந்து பிறக்க வேண்டும். நம் ஏரியை 1 செ.மீ.க்கு ஒன்றாக முழுக்க வெட்டினால் 600 மாதிரிகள், மூன்று பிராக்ஸிக்கு 1,800 அளவீடுகள். இது யாராலும் முடியாது, கேள்விக்குத் தேவையும் இல்லை. 700 ஆண்டுச் சாளரம் கோரில் 42 செ.மீ. அதை அரை செ.மீ.க்கு வெட்டினால் 84. மீதி 558 செ.மீ.யைப் பின்னணிக்காக 5 செ.மீ.க்கு ஒன்று என எடுத்தால் 112. ஆக 196. மறு அளவீட்டுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 216. மூன்றில் ஒரு பங்கு வேலையில் அதே கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை விண்ணப்பத்திலும் அப்படியே காட்டுங்கள். பணத்தைக் கேள்விக்காகச் செலவிடத் தெரிந்தவர் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வரும்.

அடிக்கடி விடுபடுபவை சில உண்டு. கோர் குழாய்களை இணைக்கும் இடத்தில் படிவு இழப்பு ஏற்படும். அதனால் அரை மீட்டர் ஆழம் தள்ளி ஆரம்பிக்கும் இணை கோர் ஒன்று வேண்டும், அதற்கும் படகு நாட்கள் வேண்டும். குளிரூட்டிய சரக்குப் போக்குவரத்து, சேமிப்பு வாடகை, அளவீட்டைச் சரிபார்க்கும் ஆய்வகத் தரப் பொருட்கள், தரவைச் சீராக்கிப் பதிவேற்றும் ஆள்நேரம், கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்க வைப்பதற்கான திறந்த அணுக்கக் கட்டணம், நிறுவனம் பிடித்துக்கொள்ளும் மேல்செலவு ஆகியவையும் அப்படித்தான். மேல்செலவை மறந்துவிட்டுக் கடைசி நாளில் மொத்தம் எகிறி, அவசரமாகத் தேதிகளை வெட்டுகிறவர்கள் பலர். வெட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு பிராக்ஸியை வெட்டுங்கள். தேதிகளில் கை வைக்காதீர்கள்.

காலத்தையும் இதே கண்டிப்போடு போடுங்கள். ஆள் எடுக்கவே ஆறு மாதம் போகலாம். களப்பருவத்தைத் தாண்டி நிதி தொடங்கினால் முதல் ஆண்டு முழுதும் வீணாகும். தொடக்க மாதத்தைத் தேர்ந்துகொள்ள இடம் இருந்தால் பருவத்துக்கு நான்கைந்து மாதம் முன்னதாக வையுங்கள்.

8. அனுமதிகளும் கூட்டாளிகளும்

கடினப் பவளங்கள் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. சிறு பவளக் கோரை எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் அனுமதிச் சான்று வேண்டும். புதைபடிவப் பவளத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அது புதைபடிவம்தான் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. மண், சேறு இறக்குமதிக்குப் பல நாடுகளில் தனி உரிமம் தேவை. படிவிலிருந்து பழைய டிஎன்ஏ எடுக்கும் திட்டமாக இருந்தால், மரபணு வளங்களின் பலனைப் பகிர்வது குறித்து 2014ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை பொருந்துமா என்று பாருங்கள்.

வேறு நாட்டில் களம் என்றால் அந்நாட்டு ஆய்வாளரைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே சேருங்கள். பட்ஜெட்டிலும் ஆசிரியர் வரிசையிலும் அவருக்குரிய இடம் இருக்கட்டும். அனுமதிக் கடிதத்துக்காக மட்டும் கடைசி மாதத்தில் தேடிப்பிடித்த கூட்டாளி என்பது ஆதரவுக் கடிதத்தின் தொனியிலேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அது நியாயமும் அல்ல.

காலநிலை மாடல் செய்பவர் வேண்டுமா என்பது கேள்வியைப் பொறுத்தது. 6,000, 21,000, 127,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலங்களுக்குத் தொல்காலநிலை மாடல் ஒப்பீட்டுத் திட்டத்தின் வெளியீடுகள் இலவசமாகவே கிடைக்கும். உங்கள் சாளரம் அவற்றோடு பொருந்தினால் சிறு செலவில் ஒப்பீடு சேர்க்கலாம். நம் 8,200 நிகழ்வு அந்தச் சாளரங்களில் இல்லை. ஆகவே உருகுநீர்ச் சோதனைகளை ஏற்கெனவே ஓட்டிவைத்திருக்கும் ஒருவரோடு பேசி, எந்த வெளியீட்டை எதோடு ஒப்பிடுவீர்கள் என்று குறிப்பாக எழுத வேண்டும். "மாடல்களோடு ஒப்பிடுவோம்" என்ற வெறும் வரி பயன்தராது.

9. இப்போது எழுதுங்கள், படங்களிலிருந்து தொடங்கி

முதலில் மூன்று படங்கள். ஒன்று, முன்னோட்டக் கோரின் ஆழம்-வயது வரைபடம், பிழைப் பட்டையோடு. இரண்டு, இரு கருதுகோள்களும் கோரில் எப்படித் தெரியும் என்ற கற்பனை வளைகோடுகள், மாதிரிப் புள்ளிகளோடு. மூன்று, கால அட்டவணை. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் உரை அவற்றைச் சுற்றித் தானாக வரும்.

முதல் பக்கத்தில் கேள்வி, இரண்டு விளக்கங்கள், ஏன் இந்த ஏரி, முடிவில் என்ன தெரியும் ஆகிய நான்கும் வந்துவிட வேண்டும். சில நிதியாளர்களின் முதல் சுற்றில் சுருக்க வடிவத்தை மட்டுமே குழு படிக்கும். நீண்ட வடிவத்தில் ஒளித்துவைத்த நல்ல யோசனையை யாரும் பார்க்காமலே போகலாம். குழுவில் உங்கள் பிராக்ஸி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கும் புரிய எழுதுங்கள்.

முக்கியத்துவத்தைப் பெருக்கிக் காட்டாதீர்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, கரியமில வாயு இரட்டித்தால் ஏறும் வெப்பத்தை 2.5 முதல் 4 பாகை செல்சியஸ் வரை என்று மதிப்பிட்டபோது தொல்காலநிலையையும் ஒரு சான்றாகக் கொண்டது. அதற்காக ஓர் ஏரிக் கோர் அந்த எல்லையைச் சுருக்கிவிடும் என்று எழுதினால் குழு நம்பிக்கை இழந்துவிடும். உங்கள் முடிவை அடுத்து யார் எடுத்துப் பயன்படுத்துவார், எந்தத் தொகுப்பில் அது சேரும் என்று சொன்னாலே போதும்.

இடர்களைப் பற்றி எழுதும்போது, எந்தக் கட்டத்தில் இடர் தெரியவரும், தெரிந்ததும் என்ன மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள். "முதல் 6 தேதிகளில் இரண்டுக்கு மேல் வரிசை பிறழ்ந்தால், இணை கோருக்கு மாறி மகரந்தத்தைத் தேதியிடுவோம்" என்பது போல. இடரே இல்லை என்று எழுதும் விண்ணப்பம் அனுபவமின்மையைத்தான் காட்டுகிறது.

தரவுத் திட்டத்துக்கு அரைப் பக்கம் போதும்: எந்தக் களஞ்சியம், எப்போது, மூலத் தேதிகளும் ஆழங்களும் சேர்த்தா. அளவுத்திருத்திய வயதை மட்டும் கொடுத்துவிட்டு மூல ரேடியோகார்பன் வயதை விட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மூல வயது இல்லாமல், வளைகோடு புதுப்பிக்கப்படும்போது உங்கள் கோரை யாராலும் மறுகணக்கிட முடியாது.

10. சமர்ப்பிக்கும் முன் இரண்டு வாசிப்புகள்

ஒன்று துறைக்குள் இருப்பவர். அவரிடம் காலக்கணிப்பை உடைக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் துறைக்கு வெளியே. முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு, "இதில் கேள்வி என்ன?" என்று கேளுங்கள். அவர் ஏரியின் பெயரை மட்டும் சொன்னால் முதல் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

பிறகு விதிகள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கான சுருக்கத்தில் அறிவியல் தகுதி, பரந்த தாக்கம் ஆகிய பகுதிகள் தனித்தனியே இல்லாவிட்டால் விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பும். எல்லா நிதியாளர்களிடமும் இப்படிப்பட்ட விதிகள் உண்டு: பக்க எண்ணிக்கை, எழுத்தளவு, தற்குறிப்பின் வடிவம், உடன்பணியாற்றியோர் பட்டியல். பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள்; கடைசி மணி நேரத்தில் இணையதளங்கள் திணறும்.

11. மறுப்பு வந்தால்

நல்ல விண்ணப்பங்களும் முதல் சுற்றில் மறுக்கப்படுவது இந்தத் துறையில் வாடிக்கை. கருத்துரைகளை ஒருமுறை படித்துவிட்டு ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு கருத்தையும் இரண்டில் ஒன்றாகப் பிரியுங்கள்: அறிவியல் குறை, அல்லது நீங்கள் எழுதியது புரியாதது. மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அதை எழுத்தின் குறையாக எடுத்துக்கொள்வதே பயன்தரும். அடுத்த முறையும் அதே பத்தியை இன்னொருவர் அப்படித்தான் படிப்பார்.

மறுசமர்ப்பிப்புக்கு அனுமதி உண்டா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், முந்தைய கருத்துகளுக்குத் தனிப் பதில் கேட்பார்களா என்று திட்ட அலுவலரிடம் பேசுங்கள். குழு விவாதத்தில் எது எடையாக நின்றது என்பதையும் கேளுங்கள். எழுத்தில் வராத விஷயம் சில நேரம் அந்த உரையாடலில் கிடைக்கும்.

காலக்கணிப்பின் மேல் சந்தேகம் எழுப்பியிருந்தால், வாதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். துறைச் சங்கங்களின் சிறு நல்கை எதற்காவது விண்ணப்பித்து, அவர்கள் சந்தேகப்பட்ட ஆழத்திலிருந்தே நான்கைந்து தேதிகளை எடுங்கள். அவற்றைச் சேர்த்து ஆழம்-வயது மாடலை மறுபடி ஓட்டி, புதிய படத்தைப் பழைய படம் இருந்த இடத்தில் வைத்து அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள்.